அயலூரில் ஒரு வாடகைச் சைக்கிள்

வேலையின் பொருட்டு ஊர் ஊராகச் செல்கின்றவர்களுக்கு ஒரு விநோதமான குறை உண்டு. அவர்கள் போகாத ஊர் இல்லை. ஆனால் எந்த ஊரையும் பார்த்தவர்கள் இலர். ரெயில் நிலையத்திலிருந்து விடுதி, விடுதியிலிருந்து ஆலை அல்லது அலுவலகம், மாலையில் திரும்பவும் விடுதி. இவ்வளவே அவர்கள் கண்ட நகரம். போபாலுக்கு நான்கு முறை போய் வந்த ஒருவரிடம், "அங்குள்ள பெரிய ஏரி எப்படி?" என்று கேட்டால், "ஏரி ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள்" என்று விடை வரும்.

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்களில் பலருடைய நிலையும் இதற்கு மிகத் தொலைவில் இல்லை. பத்தாண்டுகள் தில்லியில் வாழ்ந்திருப்போம். கரோல்பாகிலிருந்து அலுவலகம் செல்லும் வழி தெரியும். ஞாயிற்றுக்கிழமை இராமகிருஷ்ணபுரத்து மலைக்கோயிலுக்குச் செல்லும் வழி தெரியும். நல்ல காப்பிப்பொடி விற்கும் கடை தெரியும். எஞ்சிய நகரம் முழுவதும் பிறருடையதாகவே இருந்துவிடுகிறது. அதிலும், நான்கு மாதம் ஆறு மாதம் என்று ஒப்பந்த வேலைக்கு அனுப்பப்படுகிறவர்களுடைய மாலைப்பொழுது மிகவும் கனமானது. அறை, கைபேசி, வீட்டாரோடு அரை மணிப் பேச்சு, பிறகு உறக்கம். இந்தக் கனத்தைக் குறைக்கும் எளிய கருவி ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றோம். அது சைக்கிள்.

நடந்தே ஊரைப் பார்க்கலாமே என்று கேட்கலாம். நடப்பவர் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் செல்வார். வேலைக்குப் போகுமுன் அவருக்குக் கிடைக்கும் நேரத்தில் விடுதியைச் சுற்றியுள்ள நான்கு தெருக்களே முடியும். வாடகைக் காரிலோ கண்ணாடி ஏற்றியிருக்கும். நிறுத்தவேண்டிய இடம் கடந்து போனபிறகுதான் நம் கண்ணில் படும். நிதானமாக மிதிப்பவர் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போய்விடுகிறார். வேண்டிய இடத்தில் காலை ஊன்றி நின்றும் விடுகிறார். தேநீர்க் கடையில் நிற்கும் சைக்கிள்காரனிடம் எவரும் தயக்கமின்றிப் பேச்சுக் கொடுப்பார்கள். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை குழந்தைகள் என்று கேட்பார்கள். காரிலிருந்து இறங்குபவனை அவ்வாறு கேட்கும் வழக்கம் நம் நாட்டில் எங்கும் இல்லை.

வாடகைச் சைக்கிள் என்பது நமக்குப் புதிய பொருள் அன்று. தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் கடைத்தெரு முனையில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. பின்சக்கரத்து மட்கார்டில் வெள்ளை வர்ணத்தில் எண் எழுதிய வண்டிகள் வரிசையாக நிற்கும். கடைக்காரர் நோட்டுப்புத்தகத்தில் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார். பிள்ளைகள் முன்பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியது அந்த வண்டிகளில்தான். அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டு டி. ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றி உள்நாட்டிலேயே வண்டிகள் பெருகியபின், இத்தகைய கடைகள் இல்லாத ஊரே இல்லை என்னும் நிலை வந்தது. அக்கடைகள் எந்த முன்பணத்தையும் நம்பி நடந்தவை அல்ல. 'இன்னார் மகன், இன்ன தெரு' என்ற அறிமுகமே அங்குப் பிணை. அறிமுகம் இல்லாதவனுக்கு வண்டி கிடையாது.

அயலூரில் நாம் அந்த அறிமுகம் இல்லாதவர்கள். வண்டி தேடும் முயற்சியில் முதலில் எதிர்ப்படும் தடை இதுவே. இத்தடையை நீக்குவதற்கென்று வந்தவை கைபேசி வழியாகத் திறக்கும் பொதுச் சைக்கிள்கள். இந்தியாவில் இத்துறையில் குறிப்பிடத்தக்க தொடக்கம் மைசூரில் நிகழ்ந்தது. 2017 ஜூன் மாதத்தில் 'டிரின் டிரின்' என்ற பெயரில் 48 நிலையங்களும் 450 வண்டிகளுமாக அங்கு ஒரு திட்டம் தொடங்கிற்று. அதே மாதத்தில் போபாலிலும் 500 வண்டிகளோடு ஒரு திட்டம் வந்தது. அடுத்து, நிலையம் எதுவுமின்றித் தெருவில் எங்கு வேண்டுமானாலும் விட்டுச் செல்லத்தக்க வண்டிகள் புனே முதலிய நகரங்களில் மஞ்சளும் ஆரஞ்சுமாக வந்து குவிந்தன. வந்த வேகத்திலேயே பல மறைந்தும் போயின. சீனத்திலிருந்து வந்த 'ஓஃபோ' என்னும் நிறுவனம் 2018-ஆம் ஆண்டிலேயே இந்தியாவை விட்டு நீங்கியது. சண்டிகரில் 2021-இல் தொடங்கிய திட்டம் நகரின் அமைப்போடு பொருந்தியிருப்பதைப் பின்னர்க் கூறுவோம். பெங்களூரில் இன்று தெருவோரங்களில் வாடகைக்கு நிற்கும் சிறு வண்டிகளில் பெரும்பாலானவை மின்கலத்தால் ஓடுவன. மிதிக்க வேண்டியவை அல்ல. மெட்ரோ நிலையத்திலிருந்து அலுவலகம் செல்ல அவை நல்ல துணை; நாம் இங்குப் பேசும் காரியத்திற்கு உதவா.

இத்திட்டங்களை நாம் குறைகூற வரவில்லை. அவற்றை மட்டும் நம்பிப் புறப்படுதல் தகாது என்பதே நம் கருத்து. சங்கிலி அறுந்த வண்டியும், இருக்கை களவுபோன வண்டியும், கைபேசியில் 'உண்டு' என்று காட்டப்பட்டுத் தெருவில் இல்லாத வண்டியும் இவற்றில் சாதாரணம். முன்பணம் கட்டுமுன் அருகிலுள்ள நிலையத்திற்கு ஒருமுறை நடந்துபோய் வண்டிகள் ஓடும் நிலையில் உள்ளனவா என்று கண்ணால் பார்த்துவிடுவது நன்று.

அதைவிட உறுதியான வழி, பஞ்சர் ஒட்டுபவரைக் கேட்பது. விடுதியின் வரவேற்பு மேசையில் இருப்பவர் உங்களுக்குக் கார் அமர்த்திக் கொடுப்பதிலேயே கருத்தாக இருப்பார். மரத்தடியில் தண்ணீர்த் தொட்டியும் காற்றடிக்கும் பம்பும் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவருக்கோ, அந்த வட்டாரத்தில் எவரிடம் உபரியாக ஒரு சைக்கிள் இருக்கிறது என்பது தெரியும். அவரிடமே பழைய வண்டி ஒன்று நிற்பதும் உண்டு. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டுவதில்லை. இந்தி வழங்கும் இடங்களில் 'சைக்கிள் கிராயே பர் மிலேகீ?' என்று கேட்கலாம். கன்னட நாட்டில் 'சைக்கல் பாடிகெகே சிகுத்தா?' என்பர், மராட்டியத்தில் 'சாய்கல் பாட்யானே மிளேல் கா?', வங்கத்தில் 'சைக்கேல் பாடா பாவா ஜாபே?' நம்முடைய 'வாடகை'யும் அவர்களுடைய 'பாடிகெ', 'பாடா'வும் காதுக்கு உறவாகவே ஒலிப்பதைக் கவனியுங்கள். 'பஞ்சர்' என்ற சொல்லோ நாடு முழுவதற்கும் பொது.

பல்கலைக்கழகங்களின் வாயில்களை ஒட்டிய கடைகளும் விசாரிக்கத் தக்கவை. மாணவர்கள் படிப்பு முடிந்து போகும்போது விட்டுச்செல்லும் வண்டிகள் அங்குச் சேரும். மூன்று மாதத்திற்கு மேல் தங்க நேருமானால் வாடகையைக் கணக்கிட்டுப் பார்த்துப் பழைய வண்டி ஒன்றை விலைக்கே வாங்கிவிடலாம். புறப்படும்போது அதே கடையில் திரும்ப எடுத்துக்கொள்வதாக முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் உண்டு. தில்லியில் இருப்பவர்கள் ஜண்டேவாலானில் உள்ள சைக்கிள் சந்தையை ஒருமுறை பார்க்கவேண்டும். புதிதும் உதிரி உறுப்புகளுமாகக் கடை கடையாக அங்கு உள்ளன. தம்முடைய வண்டியையே கொண்டுசெல்ல விரும்புவோர் ரெயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் பதிவுசெய்து அனுப்பலாம். பெயரும் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் எழுதிய அட்டையை வண்டியின் இரண்டு இடங்களில் கட்டுவது நல்லது. ஒன்று அறுந்து விழும்.

பிணையாக ஆதார் அட்டை கேட்பார்கள். மூல அட்டையை எவரிடமும் விட்டுவரலாகாது. எண்ணின் முதற்பகுதி மறைக்கப்பட்டுக் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரை அரசின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதன் படி ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலோர் ஏற்பர். ஏற்க மறுப்பவரிடம் சற்று அதிகமான முன்பணம் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். வேலைக்காக வந்த ஊரில் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு நிற்பவனுடைய அவதி, சைக்கிள் கிடைக்காதவனுடைய அவதியைவிடப் பன்மடங்கு பெரிது.

வண்டி கிடைத்துவிட்டது. உடனே ஏறிவிடக் கூடாது. கடைக்கு முன்னாலேயே சிலவற்றைப் பார்க்கவேண்டும். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் மிகச் சிறிதே அமுங்கவேண்டும். முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் தனித்தனியே பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதையும் அப்போதே அறிந்துகொள்ளுங்கள். முன்சக்கரத்தை மட்டும் திடீரென்று பிடித்தால் ஆள் தலைகீழாக விழுவான். இருக்கையில் அமர்ந்து குதிகாலைப் பெடலின் மேல் வைத்தால், பெடல் கீழே உள்ளபோது கால் நேராக நிற்கவேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பெரும்பாலோர் கவலையற்றிருக்கின்றனர். இருக்கை தாழ்ந்திருப்பின் அரைமணியில் முழங்கால் வலிக்கும். வலித்தபின் குறை வயதின்மேல் ஏற்றப்படும். கடைக்காரரிடம் ஸ்பேனர் உண்டு. கேட்டால் ஒரு நிமிடத்தில் உயர்த்தித் தருவார். தலைக்கவசம் வாடகைக் கடைகளில் அருமையாகவே கிடைக்கும். பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்குவது வீண் சுமையாகத் தோன்றும். எனினும் அதையும், சிவப்பு விளக்கு ஒன்றையும் நாம் எப்போதும் உடன் வைத்திருப்பது நல்லது.

இனி, எங்கே போவது? ஒவ்வோர் ஊருக்கும் பட்டியல் தருவது இந்த உரையின் நோக்கம் அன்று. நம்மவர் வேலை நிமித்தம் மிகுதியாகச் செல்லும் சில இடங்களை ஒட்டிச் சொல்வோம்.

தில்லியிலிருந்தோ ஆக்ராவிலிருந்தோ, மதுரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு வந்த வேலையிலிருந்தோ ஒரு நாள் ஓய்வு கிடைக்குமாயின், பரத்பூரை நினைவில் வையுங்கள். ஆக்ராவிலிருந்து அது சுமார் 55 கிலோமீட்டர். அங்குள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா 29 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய நீர்நிலைக் காடு. 1985-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வாயிலிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். நேரான பாதை ஒன்று பூங்காவின் நடுவே கேவலாதேவ் சிவன் கோயில்வரை செல்கிறது. நமக்கு வேடந்தாங்கல் தெரியும். அங்கே கரையில் நின்று தொலைவில் உள்ள மரங்களைப் பார்க்கின்றோம். இங்கோ இருபுறமும் நீர், நடுவே பாதை, நம் தலைக்கு மேலேயே நாரைக் கூடுகள். காரின் ஓசை இல்லாமையால் பறவைகள் அஞ்சிப் பறப்பதில்லை. மிதிப்பதை நிறுத்தி வண்டியைத் தானே உருள விட்டால் பாம்புத்தாரா இறகு விரித்துக் காய்வதை மிக அண்மையிலிருந்து பார்க்கலாம். மழைக்குப் பின் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். குளிர்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து பட்டைத்தலை வாத்துகளும் வேறு பல இனங்களும் வந்து சேரும். சைபீரியக் கொக்கு மட்டும் 2002-க்குப் பிறகு அங்கு வருவதில்லை.

இந்த நீர்நிலைகள் பரத்பூர் அரசர்களின் வேட்டைக்களமாக இருந்தவை. கோயிலருகே உள்ள கல்லெழுத்துகளில் வேட்டைக் கணக்குப் பொறிக்கப்பட்டுள்ளது. 1938-ஆம் ஆண்டு வைசிராய் லின்லித்கோ வந்திருந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அந்த எண்ணைப் படித்துவிட்டுத் திரும்புகையில் பாதையின் இருபுறமும் கேட்கும் குரல்கள் சற்று வேறு விதமாகவே கேட்கும். பறவைகளின் பெயர் தெரியாதவர்கள் அங்குள்ள சைக்கிள் ரிக்ஷாக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். பல ஆண்டுப் பழக்கத்தால் அவர்களில் பலர் பறவைகளை நன்கறிந்தவர்கள். ஒரு காரியத்தில் மட்டும் எச்சரிக்கை: பக்கத்து மண்பாதைகளில் கருவேல முள் உதிர்ந்து கிடக்கும். பஞ்சர் ஆனால் வாயில்வரை தள்ளிக்கொண்டே வரவேண்டும்.

சண்டிகர் வேறு வகை. அங்குச் சைக்கிளுக்காகவே நகரம் சிறிது இடம் விட்டிருக்கிறது. 1951-இல் அந்நகரைத் திட்டமிட்ட லெ கார்பூசியே சாலைகளை ஏழு வகையாகப் பிரித்தார். எட்டாவதாகச் சைக்கிள் பாதைகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு செக்டாரும் ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் உடையது. இக்கணக்கு மனத்தில் இருந்தால் புதியவனும் வழி தவறுவது அரிது. நகரின் ஊடே தொடர்ந்து செல்லும் தோட்டங்களை ஒட்டி வடக்கு நோக்கி மிதித்துச் சென்று, 1958-இல் அமைக்கப்பட்ட சுக்னா ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, சிவாலிக் குன்றுகளைப் பார்த்தபடி நடக்கலாம். பெரிய வட்டச் சந்திப்புகளில் மட்டும் வீரம் காட்டாது இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பது உத்தமம்.

பெல்லாரிக்கும் தோரணகல்லு உருக்காலைக்கும் வேலையாகச் செல்கிற நம்மவர் பலர். அவர்களுக்கு ஹம்பி அண்மையில் உள்ளது. ஹோஸ்பேட்டையிலிருந்து 13 கிலோமீட்டர். விரூபாட்சர் கோயிலை ஒட்டிய கடைகளில் வண்டி எடுத்து, கிருஷ்ணன் கோயில், நரசிம்மர், ஹஜாரராமர் கோயில், அரண்மனை வளாகம் என்று கமலாபுரம்வரை சென்றுவிடலாம். விட்டலர் கோயிலுக்குத் தளவாரகட்டை வழியாகச் சாலை உண்டு. ஆற்றோரப் பாதை பாறையும் படியுமானது, சைக்கிளுக்கு ஏற்றதன்று. நவம்பர் முதல் பிப்ரவரிவரை போகவேண்டிய இடம் இது. ஏப்ரல், மே மாதங்களில் பாறைகள் பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி மாலைவரை கக்கும். பகல் பதினொரு மணிக்கு மேல் அங்கு மிதிப்பவரைக் கண்டால் உள்ளூர்ச் சிறுவர்களும் சிரிப்பார்கள்.

மும்பையில் மாதுங்காவிலும் தாராவியிலும் உள்ளவர்கள் நெருக்கடியை எண்ணி மலைக்கவேண்டாம். போரிவலியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவினுள் கன்ஹேரிக் குகைகள்வரை சாலை காட்டின் ஊடே ஏறிச் செல்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தக் குகைகள் அங்கு உள்ளன. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிடக் கூடாது. கொல்கத்தாவில் இருப்பவர்களுக்கு நாம் சொல்வது போல்பூர் ரெயிலைத்தான். சாந்திநிகேதனத்தின் செம்மண் பாதைகளும் கோபாய் ஆற்றங்கரையும் சைக்கிளுக்கென்றே அமைந்தவை போல் இருக்கும்; அங்கு ஆசிரியரும் மாணவரும் காய்கறி விற்பவரும் சைக்கிளில்தான் செல்கின்றனர். தில்லியில் சாணக்கியபுரியின் சாந்தி பாதையும், 2022-இல் கடமைப் பாதை என்று பெயர் மாறிய பழைய ராஜபாதையின் சுற்றுப்புறமும் ஞாயிறு அதிகாலையில் அமைதியாக இருக்கும்; ஜனவரியில் அணிவகுப்பு ஒத்திகைக்காக அப்பகுதியில் வழிகள் மூடப்படும். பழைய தில்லியின் சந்துகளில் சூரியன் எழுமுன் வழிகாட்டியுடன் கூட்டிச் செல்வாரும் உளர். சந்துகளில் கூட்டம் சேர்ந்தபின் அங்குச் சைக்கிள் ஓட்டுவது நடப்பதைவிட மெதுவாகும்.

கொல்கத்தா நகருக்குள் ஒரு செய்தி. அங்குப் பல பெருஞ்சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. 2013-ஆம் ஆண்டில் 170-க்கும் மேற்பட்ட சாலைகளில் அத்தடை இருந்தது. எதிர்ப்பு எழுந்தபின் குறைக்கப்பட்டது. சாலை முகப்பில் உள்ள பலகையைப் பார்த்துவிட்டே நுழையவேண்டும். பெங்களூர்–மைசூர் நெடுஞ்சாலையின் நடுப்பாதையிலும் 2023 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து இருசக்கர வண்டிகளுக்கு இடமில்லை. பக்கச் சாலையிலேயே செல்லவேண்டும். மும்பையின் பாந்திரா–வர்ளி கடற்பாலமும் அவ்வாறே.

இத்தகைய தடைகளை ஓய்வுக்காக மிதிக்கும் நாம் சுற்றுவழியில் சென்று தாண்டிவிடுவோம். பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் தச்சரும் என்ன செய்வர்? அவர்களுக்குச் சைக்கிள் பொழுதுபோக்கு அன்று, அன்றைய கூலி. கொல்கத்தாவில் எதிர்ப்பு எழுந்ததும் இதனால்தான். 2020-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்து ரெயில்கள் நின்றபோது, வெளிமாநிலத் தொழிலாளர் பலர் கையிலிருந்த பணத்தைக் கொடுத்து ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதித்தே பிறந்த ஊர் போய்ச் சேர்ந்தனர். அவர்களும் நம்மைப் போல் வேலைக்காக ஊர் விட்டு வந்தவர்களே. அயலூரில் அதிகாலையில் நாம் மிதிக்கும்போது நமக்கு முன்னும் பின்னும் மிதிப்பவர்கள் இவர்கள்தான். எந்தச் சாலையில் லாரி வேகமாக வரும், எந்தப் பாலத்தின் ஓரம் உடைந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வழி கேட்பதற்கு அவர்களைவிடத் தக்கவர் வேறு எவரும் இலர். கைபேசி வரைபடம் குறுகிய வழியைக் காட்டும். அது பல வேளைகளில் லாரிகளின் வழியாகவும் இருக்கும்.

சகோதரிகளுக்குத் தனியே ஒரு சொல். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினர் என்பது நம் நாட்டு வரலாற்றில் பெருமைக்குரிய செய்தி. அப்பெண்களின் புதல்வியர் பலர் இன்று பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் பணிபுரிகின்றனர். அவர்களுக்கு ஓட்டத் தெரியாமை தடையன்று. புதிய ஊரில் விடியற்காலையில் தனியே புறப்படுவதில் உள்ள தயக்கமே தடை. அத்தயக்கம் நியாயமானது, அதைக் கோழைத்தனம் என்று சொல்வோரைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. பெருநகரங்கள் யாவற்றிலும் ஞாயிறு காலையில் கூடி மிதிக்கும் குழுக்கள் உள்ளன. பெண்கள் மட்டுமே கூடும் குழுக்களும் உண்டு. நல்ல சைக்கிள் கடை எதுவாயினும் அவற்றோடு தொடர்பு வைத்திருக்கும். முதல் இரண்டு வாரம் அவர்களோடு சென்று வழிகளைப் பழகிக்கொண்டால், பிறகு தனியே செல்வதா சேர்ந்து செல்வதா என்பது அவரவர் விருப்பம். ஆண்களுக்கும் இக்குழுக்கள் பயனுள்ளவையே. மறுநாள் காலை பத்து மணிக்கு வேலையில் நிற்கவேண்டியவர் மட்டும் இளைஞர்களின் போட்டியில் சிக்கி 80 கிலோமீட்டர் போய்விடாது, 'நாம் 20-இல் திரும்புவோம்' என்று புறப்படும்போதே சொல்லிவிடவேண்டும்.

வடநாட்டுக் குளிர்காலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நவம்பர் முதல் ஜனவரிவரை தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் காற்று கெட்டிருக்கும். காற்றுத் தரக் குறியீட்டை அரசு நாள்தோறும் வெளியிடுகிறது. 100-க்குள் இருப்பின் தடையில்லை. 200-ஐத் தாண்டினால் 'மோசம்'. 300-ஐத் தாண்டினால் 'மிக மோசம்'. விரைந்து மூச்சு வாங்கும் உடற்பயிற்சிக்கு அவை உகந்த நாட்கள் அல்ல. அன்று சைக்கிளை விட்டுவிட்டுப் போர்வைக்குள் இருப்பதே ஆரோக்கியம். பனிமூட்டமும் அக்காலத்தில்தான். ஐம்பதடிக்கு அப்பால் தெரியாத காலைகளில் எந்த விளக்கும் நம்மைக் காக்காது.

நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால் நேரக் கணக்கிலும் கவனம் தேவை. சென்னையின் பழக்கத்தில் ஐந்தரை மணிக்கு எழுந்து புறப்படுபவர், ஜனவரியில் ஆமதாபாத்தில் இருட்டில்தான் மிதிப்பார். அங்குச் சூரியன் எழ ஏழேகால் மணிக்கு மேலாகும். சாபர்மதி ஆற்றங்கரைக்கு அப்போது செல்வோர் அலுவலகத்திற்கு முன் கிடைக்கும் நேரத்தை நன்கு கணக்கிடவேண்டும். மாலையில் மிதிப்பதே அங்கு வசதி. கிழக்கே இதற்கு நேர்மாறு. குவாஹாத்தியில் ஜூன் மாதத்தில் காலை நான்கரைக்கே விடிந்துவிடும். டிசம்பரில் மாலை நான்கரைக்கே பொழுது சாய்ந்துவிடும். ஆகவே அங்கு அலுவலகம் விட்டபின் மிதிக்கலாம் என்று எண்ணுவதற்கில்லை. காலையிலோ, பிரம்மபுத்திரையின் கரையில் இரண்டரை மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பினாலும் ஏழரை மணி ஆகாது. ஆனால் வாடகைக் கடைக்காரர் நமக்காக நான்கரைக்கு எழமாட்டார். வண்டியை முந்தின நாள் மாலையே எடுத்து, ஓர் இரவு வாடகையைக் கூடக் கொடுத்து, விடுதிக் காவலரிடம் சொல்லி வாசற்கம்பியில் சங்கிலியிட்டுப் பூட்டி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.